பரதேசியும் பாத்திரமும்

'பரதேசி' என்ற சொல் இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு வசைச்சொல். வீடு வாசல் இல்லாதவனை, ஒழுங்காக உடுத்தாதவனை, சொல்வழி கேளாத பிள்ளையை ஏசுவதற்கு இச்சொல் கைகொடுக்கின்றது. ஆனால் அதன் பழைய பொருள் வேறு. பிற தேசத்திலிருந்து வந்தவன் என்பதே அப்பொருள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நமது தீவகக் கடற்கரைக்கென்றே ஓர் அரசன் இச்சொல்லைக் கல்லிலே பொறிப்பித்தான். பரதேசிகள் வரவேண்டும், வந்தவர்கள் காக்கப்படவேண்டும் என்பது அக்கல்வெட்டின் கருத்து. அரசன் காக்கச் சொன்ன ஒருவன் பிற்காலத்தில் ஏச்சுக்கு உரியவனாகிவிட்டான். தனியே ஒரு தீவில் வந்து இறங்கும் மனிதனை நமது இலக்கியமும் வரலாறும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இச்சொல்லைக் கைப்பிடியாகக் கொண்டு நோக்குவோம்.

தோளிலே ஒரு மூட்டையுடன், துணையின்றித் தொலைதூரத் தீவுகளுக்குச் செல்வது இக்கால இளைஞரின் புதுப் பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ்க் காப்பிய உலகில் அது பழைய கதை. அதிலும், திருநாள் ஒன்றின்போது ஆளில்லாத் தீவிலே தனித்து நின்ற முதற் பெண் மணிமேகலையே எனலாம்.

சாத்தனாரின் காப்பியத்தை நேயர்கள் அறிவர். புகார் நகரிலே இந்திர விழா நடைபெறுகின்றது. இருபத்தெட்டு நாள் விழா. ஊரெல்லாம் கூட்டமும் ஆரவாரமுமாக இருக்க, உதயகுமாரன் என்னும் அரசகுமாரனின் தொல்லைக்கு அஞ்சியவளாய் மணிமேகலை ஒதுங்கி நிற்கின்றாள். மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத்தில் விட்டு விடுகின்றது. கண் விழித்தவளுக்கு ஊரும் இல்லை, தோழி சுதமதியும் இல்லை. மணலும் கடலுமே உள்ளன. அவள் தோழியைப் பெயர் சொல்லி அழைக்கின்றாள். இறந்துபோன தந்தையை நினைத்து அழுகின்றாள். பிறகுதான் புத்த பீடிகையைக் காண்கின்றாள். தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். தீவைக் காத்துநிற்கும் தீவதிலகை அவளைக் கோமுகிப் பொய்கைக்கு அழைத்துச் செல்கின்றாள். அன்று வைகாசி நிறைமதி நாள். ஆண்டுக்கு ஒருமுறை அந்நாளில் மட்டும் நீரின்மேல் தோன்றும் அமுதசுரபி அவள் கைக்கு வருகின்றது.

இங்கே ஒன்று கவனத்திற்குரியது. புகாரில் விழா, மணிபல்லவத்திலும் திருநாள். ஆயிரக்கணக்கானோர் கூடிய விழாவில் அவளுக்குக் கிட்டாதது, ஒருவருமில்லாத தீவின் திருநாளில் கிட்டுகின்றது. ஆயினும் பாத்திரத்தைப் பெற்றவள் அத்தீவிலே தங்கிவிடவில்லை. பசித்தவர் இருக்கும் இடத்திற்குத் திரும்புகின்றாள். அவ்வாறு திரும்ப முடியாமற்போன ஒருவனின் கதை அப்பாத்திரத்துக்குள்ளே இருந்தது. அவன்தான் ஆபுத்திரன்.

ஆபுத்திரன் மதுரையிலே அந்த அமுதசுரபியைக் கொண்டு ஊருக்குச் சோறிட்டவன். மழை பெய்து நாடு செழித்தபின் அவனிடம் உண்ண வருவார் இல்லை. சாவகத்திலே மழையின்றி மக்கள் மடிகின்றனர் எனக் கேள்வியுற்றுக் கப்பலேறுகின்றான். கடும் காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் பாய் இறக்கி ஒருநாள் தங்குகின்றது. அவன் கரையிலே இறங்குகின்றான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி இரவிலே கப்பல் போய்விடுகின்றது. கையிலே வற்றாத பாத்திரம் இருக்கின்றது. வாங்கி உண்ண ஒருவரும் இல்லை. தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர்வாழ அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகியிலே விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கின்றான்.

கதையின் எஞ்சிய பகுதி பலர் நினைவில் நிற்பதில்லை. தம்மோடு வந்தவனைக் காணாது அவனைத் தேடி ஒன்பது வணிகர்கள் மணிபல்லவத்துக்குத் திரும்பி வருகின்றனர். அவன் இறந்துகிடக்கக் கண்டு, அவர்களும் அங்கேயே உண்ணாது உயிர்விடுகின்றனர். பின்னர் ஆபுத்திரன் சாவகத்து அரசனாகப் பிறந்து அத்தீவுக்கு வரும்போது, அவனுடைய பழைய உடம்பின் என்பும், அவனுக்காக மாண்டவர்களின் என்பும் அவனுக்குக் காட்டப்படுகின்றன. தனி ஒருவனைக் கரையிலே மறந்துபோன குற்றத்தைக் காப்பியம் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கின்றது.

அதே நூலிலே இன்னொரு தீவுக் கதையும் உண்டு. ஆதிரையின் கணவன் சாதுவன் சென்ற கலம் கடலிலே உடைகின்றது. மரத்துண்டொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்துக் கரையில் ஒதுங்குகின்றான். கலம் உடைந்து வருவோரைக் கொன்று தின்பதும், அவர்களது பொருளை எடுத்துக்கொள்வதும் அங்குள்ளோர் வழக்கம். சாதுவன் அவர்களுடைய மொழியை அறிந்திருந்தமையால் தப்புகின்றான். தப்பியவன் தன்னை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. இனிமேல் கலம் உடைந்து இக்கரைக்கு வருவோரின் உயிரைக் காக்கவேண்டும் என்று நாகர் தலைவனுக்கு அறிவுரை கூறுகின்றான். அவனும் இசைகின்றான். முன்பு பறித்து வைத்திருந்த அகிலையும் சந்தனத்தையும் துகிலையும் சாதுவனிடமே கொடுத்து அனுப்புகின்றனர்.

மணிபல்லவம் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நயினாதீவே மணிபல்லவம் என்பது நம்மவரிடையே வேரூன்றிய மரபு. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' பற்றிய ஆங்கில நூலில் மணிபல்லவத்தையும் நாகதீபத்தையும் இப்பகுதியோடு தொடர்புபடுத்தினார். இரண்டு நாக அரசர் ஓர் ஆசனத்துக்காகப் பொருதமையையும் புத்தர் அவர்களைச் சமாதானப்படுத்தியமையையும் மணிமேகலை கூறுவது போலவே மகாவம்சமும் கூறுகின்றது. புத்தர் நாகதீபத்துக்கு வந்ததைச் சித்திரை மாதத்துத் தேய்பிறை உபோசத நாளில் வைத்து அந்நூல் உரைக்கின்றது. மறுபுறம், 1936இல் வல்லிபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம் வசப மன்னன் காலத்தில் நாகதீவு ஓர் அமைச்சனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததைக் குறிப்பிடுகின்றது. எனவே அப்பெயர் ஒரு சிறு தீவை மட்டுமன்றிக் குடாநாட்டையே குறித்திருக்கலாம் என ஆய்வாளர் கொள்வர். காப்பியத் தீவை நிலப்படத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுவது எளிதன்று.

ஆனால் நயினாதீவில் கற்பனையல்லாத சான்று ஒன்று இருக்கின்றது. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அது. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, பரதேசிகள் வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என அது கூறுகின்றது. அடுத்து வருவது கலம் உடைந்தால் என்ன செய்வது என்ற விதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இக்கல்வெட்டை அருளின் வெளிப்பாடு என்று மட்டும் புகழ்ந்துவிட முடியாது. அரசனுக்கு யானையும் குதிரையும் தேவைப்பட்டன. அதனாலேயே அவற்றைக் கொண்டுவந்தவனுக்குக் கூடுதலான பங்கு. ஆயினும் உடைந்த கலத்தின் பொருள் முழுவதும் கரைக்குரியவனுக்கே என்ற வழக்கு உலகெங்கும் இருந்த காலம் அது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் பொறித்த கல்வெட்டு, முன்னைய அரசர் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருளைக் கவர்ந்தனர் என்றும், தான் சுங்கம் தவிர வேறெதையும் கொள்வதில்லை என்றும் அபயம் அளிக்கின்றது. இங்கிலாந்திலே 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பினால் அக்கலத்தின் பொருளைப் பறிக்கலாகாது என விதித்தது. நயினாதீவுக் கல் இவ்விரண்டுக்கும் முந்தியது. அது தமிழில் எழுதப்பட்டிருப்பதும் எண்ணத்தக்கது. இக்கடலில் வந்துபோனோருக்கு விளங்கிய மொழி எது என்பதை அரசன் அறிந்திருந்தான்.

வருகின்றவன் கையில் எதைக் கொண்டு வருகின்றான் என்பதும் ஒரு கேள்விதான். பசிபிக் கடலின் பொலினீசியத் தீவுகளுள் மிகத் தொலைவில் தனித்துக் கிடப்பது ஈஸ்டர் தீவு. அதன் மக்கள் அதனை ராப்பா நூயி என்பர். ஒல்லாந்தத் தளபதி ரொக்கவீன் மூன்று கப்பல்களுடன் 1722 ஏப்பிரல் 5இல், உயிர்த்த ஞாயிறன்று, அதனைக் கண்டமையால் அத்திருநாளின் பெயரே தீவுக்கு ஆயிற்று. சில நாட்களில் கரையிறங்கிய அவனுடைய ஆட்கள் அங்கு கூடிநின்ற மக்கள்மீது சுட்டனர். பத்துப் பேரளவில் மாண்டனர். திருநாளின் பெயர் மட்டும் நிலைத்தது. பாத்திரத்தோடு வந்தவனையும் துப்பாக்கியோடு வந்தவனையும் வரலாறு ஒரே சொல்லால் 'வந்தவன்' என்றுதான் குறிக்கின்றது. வேறுபாட்டைக் கரையில் நின்றவர்களே அறிவர்.

நமது முன்னோர் தனி வழிப்போக்கனை எண்ணிச் செய்தவை இன்னும் குடாநாட்டுத் தெருக்களிலே எஞ்சி நிற்கின்றன. சுமைதாங்கியை எடுத்துக்கொள்வோம். இருவர் சேர்ந்து செல்லும்போது ஒருவர் மற்றவரின் சுமையை இறக்கிவிடலாம். ஒருவனாகச் செல்பவனுக்கு யார் இறக்குவார்? தலைமட்டத்துக்கு உயர்ந்த அந்தக் கல் துணையில்லாதவனுக்குத் துணை. பெரும்பாலும் மகப்பேற்றின்போது இறந்த பெண்களின் நினைவாக அவை நாட்டப்பட்டன. இறக்கமுடியாத சுமையோடு போனவளுக்காக, அறியாத ஒருவனின் சுமையை இறக்கிவைக்கின்றனர் அவளுடைய உறவினர். அருகிலே மடம், மாட்டுக்குக் கேணி, திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப் பந்தல். மோர் கொடுப்பவர் குடிப்பவனின் பெயரைக் கேட்பதில்லை.

இவ்வறம் முறிந்த நாட்களையும் சொல்லாது விடலாகாது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வைத்துக் கொல்லப்பட்டனர். அதுவும் ஒரு வைகாசி மாதம். கலம் உடையவில்லை; காற்று வீசவில்லை. அரசன் கல்லிலே காக்கச் சொன்ன அதே நீர்ப்பரப்பு அது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கடலோரத்தில் பிறந்தவர்களே பிற தேசங்களிலே பரதேசிகளாயினர். இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தீவகத்தவர் பலரை அறியாத ஒரு கரை ஒருநாள் ஏற்றுக்கொண்டது.

நெடுந்தீவுக்குத் தென்மேற்கே 285 ஏக்கர் பரப்புள்ள கச்சதீவு இருக்கின்றது. அங்கே குடிமக்கள் இல்லை. குடிப்பதற்கு நன்னீரும் இல்லை. தவக்காலத்திலே புனித அந்தோனியார் திருவிழாவுக்காக இரு கரைகளிலுமிருந்து அடியார்கள் கூடுவர். உணவையும் நீரையும் கொண்டுதான் செல்லவேண்டும். 1974ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்கு வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்று கூறியது. பராக்கிரமபாகுவின் கல்லுக்கு இக்காலத்து உறவு என்று இதனைக் கொள்ளலாம். போர்க்காலத்தில் தடைப்பட்ட விழா பின்னர் மீண்டது. 2016 டிசெம்பரில் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது. ஆயின் 2024இல், தம்மவர் கடலிலே கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றமையை எதிர்த்துத் தமிழக மீனவர் விழாவைப் புறக்கணித்தனர். இழுவைப் படகுகளால் வலையும் வாழ்வும் இழந்த வடபகுதி மீனவரின் முறைப்பாடும் உண்மையானதே. ஏனைய நாட்களிலே தீராத வழக்கைத் திருநாள் ஒன்று தனியே தீர்த்துவைக்க முடியாது.

நயினாதீவிலே ஆனி மாதத் திருவிழா நாட்களில் குறிகட்டுவானிலிருந்து படகுகள் நிறைந்து செல்லும். வைகாசி நிறைமதியிலே அதே இறங்குதுறை வழியாக நாகவிகாரைக்குத் தென்னிலங்கையர் வருவர். கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். தனியே வந்தவர், கூட்டமாக வந்தவர், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்ற கேள்வி இல்லாமல் ஒரே வரிசையில் இருந்து உண்ணுகின்றனர். சாத்தனாரின் மணிபல்லவம் இதுதானா என்ற ஆராய்ச்சி தொடரட்டும். பெயர்ப் பொருத்தத்தைவிட இப்பந்தியே வலிமையான சான்று என்று சொல்லத் தோன்றுகின்றது.

எனினும் அமுதசுரபி ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் தோன்றியது, அதனை ஏந்தி ஏனைய நாட்களிலும் இடுவதற்கு ஒரு கை இல்லாதவரைக்குமே. மணிமேகலையின் கைக்கு வந்தபின் அதற்கு நாள் கணக்கு இல்லை. திருவிழா முடிந்து கடைசிப் படகும் போனபின், அடுத்தநாட் காலை மூட்டையோடு தனியே வந்து துறையிலே இறங்கும் ஒருவனைப் பார்த்து, "சாப்பிட்டியளோ?" என்று ஒருவர் கேட்கும் வரைக்கும், பரதேசி என்ற சொல்லுக்கு அதன் பழைய மரியாதை முற்றாக அழிந்துவிடவில்லை என்று கொள்ளலாம்.