வர்தா: புயலின் பெயரும் வடசென்னையின் காதும்

பெயர் வைப்பவன் ஒரு மொழியில் வைக்கிறான். அது போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு மொழி ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது. பிரான்சில் உருவான ஒரு மென்பொருளின் பெயர் ‘காக்’. பிரெஞ்சில் சேவல், ஆங்கிலக் காதுக்கு ஆபாசம். 2025இல் அது ‘ராக்’ ஆனது. ஆங்கிலக் காது கூசினால் பெயர் மாறுகிறது. யாருடைய காதுக்கு இந்தச் செல்வாக்கு இல்லை என்பதுதான் நம் கேள்வி. அதற்கு வங்கக்கடல் புயல்களைப் பார்க்கலாம்.

2004 வரை இந்தப் புயல்களுக்குத் தனிப்பெயர் கிடையாது. 1964இல் வந்தது ‘தனுஷ்கோடிப் புயல்’. எந்த ஊரை அழித்ததோ அந்த ஊரே அதன் பெயர். கடலோடிகள் காற்றுக்கு வைத்த பெயரோ திசையைச் சொல்லும்: வாடைன்னா வடக்கு, கொண்டல்னா கிழக்கு. 2004இல் எட்டு நாடுகள் கொடுத்த பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் வந்த புதிய பட்டியலில் 13 நாடுகள், 169 பெயர்கள். யார் மனதும் புண்படக் கூடாது, எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பவை விதிகள். எட்டு எழுத்து என்றால் ரோமன் எழுத்து.

யார் மனது? 2013இல் இலங்கை கொடுத்த ‘மகாசேன்’ என்ற பெயருக்கு இலங்கையிலேயே எதிர்ப்பு கிளம்பியது. மின்னேரிக் குளம் வெட்டிய மன்னனின் பெயரை அழிவுக்குச் சூட்டலாமா என்றார்கள். பெயர் கைவிடப்பட்டது, புயல் ‘வியாரு’ ஆனது. தேசம், மன்னன், வரலாறு என்று கட்டமைக்கப்பட்ட மனது புண்படும்போது அதைக் கேட்க ஒரு அலுவலகம் இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த புயலுக்கு மியான்மர் கொடுத்த பெயர் தமிழில் ‘தானே’ ஆயிற்று. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. யார் செய்தது என்று கேட்டால் ‘தானே’. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் அதிகாரத்துக்கு இதைவிட வசதியான சொல் ஏது?

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது பாகிஸ்தான் பெயரிட்ட ‘வர்தா’. அங்கே அது ரோஜா. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அது அன்றாடக் கேள்வி: தண்ணி வர்தா? கரண்டு வர்தா? மின்கம்பங்கள் விழுந்து பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, ரோஜாவைவிட அந்தக் கேள்விதான் நிலைமைக்குப் பொருந்தியது. பட்டியல் அறியாத இந்த அர்த்தத்தைத் ‘தப்பாகக் கேட்டது’ என்று ஒதுக்குவது பெயரிட்டவனின் பார்வை. கேட்பவன் தன் வாழ்க்கையிலிருந்துதான் கேட்கிறான். இதைத் திருத்தக் கோரி எந்தக் குழுவிடமும் போக வேண்டியதில்லை. அந்தக் காது எதைக் கேட்டது என்பதுதான் பதிவாக வேண்டும்.

ஏனென்றால் பெயர் சிலவற்றை மூடவும் செய்கிறது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ மழை வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய்ப் படலமும் வந்தது. மணலி சி.பி.சி.எல். ஆலைப் பகுதியிலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீனவர்கள் வாளியிலும் மக்கிலும் அதை அள்ளினார்கள். மழைக்குப் பெயர் உண்டு, பட்டியலில் இடமும் உண்டு. அந்த எண்ணெய்க்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாதது ‘புயல் பாதிப்பு’ என்ற தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அப்புறம் என்ன, அதுவும் ‘தானே’ வந்ததாகிவிடும். தனுஷ்கோடிப் புயல் என்று சொன்ன வழக்கப்படி பார்த்தால், அதை ‘மணலி எண்ணெய்’ என்று அழைப்பதே நியாயம்.