சட்டக் கல்லூரியில் சேர சிபாரிசுக் கடிதம் வேணுமா? யாரிடம், எப்படி வாங்குவது?

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை 'லா படிக்கப் போறேன்' என்றால், வீட்டில் வரும் முதல் கேள்விகளில் ஒன்று, "எம்.எல்.ஏ. லெட்டர் கிடைக்குமா?" கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. சிபாரிசில் 10 இடம் கிடைத்த காலத்துப் பழக்கம் அது. அந்த ஒதுக்கீடே 2022-ல் ரத்தாகிவிட்டது.

அரசு சட்டக் கல்லூரிக்கு அப்படி எந்தக் கடிதமும் தேவையில்லை. பக்கத்தில் இருப்பது செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரி. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்து 2018-ல் இடம் மாறிய புதுப்பாக்கம் கல்லூரியும் இதே மாவட்டம்தான். இரண்டுக்கும் விண்ணப்பம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும். 5 ஆண்டு படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண், 3 ஆண்டு படிப்புக்கு டிகிரி மதிப்பெண். குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. ரேங்க் பட்டியல், 69 சதவீத இடஒதுக்கீடு, அவ்வளவுதான். லெட்டருக்கு அலையும் நேரத்தில் சாதிச் சான்றிதழுக்கு இ-சேவையில் பதிவு செய்வது புத்திசாலித்தனம்.

அப்போ யாருக்கு வேணும்?

வெளிநாடு போகிறவர்களுக்கு. கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம். படிப்புக்கு 2 பேராசிரியர்களின் பரிந்துரை வேண்டும், ஆக்ஸ்ஃபோர்டு பி.சி.எல். என்றால் 3. பிளஸ் டூ முடித்து நேராக பிரிட்டன் எல்.எல்.பி.க்குப் போனால், 'யூகாஸ்' தளத்தில் பள்ளியே பரிந்துரை எழுதித் தர வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நம்ம ஊரில் லெட்டரை வாங்கி, கவரில் போட்டு, கையில் வைத்திருப்போம். அங்கே அது செல்லாது. மாணவர் பேராசிரியரின் பெயரையும் மெயில் முகவரியையும் மட்டும் தருவார். லிங்க் பேராசிரியருக்குப் போகும். அவரே நேரடியாக அப்லோட் செய்ய வேண்டும். மெயில் 'ஸ்பாம்' பெட்டியில் கிடந்தால் கதை முடிந்தது. மாணவரின் விண்ணப்பம் நேரத்துக்குப் போயிருந்தும் பரிந்துரை வராமல் வாய்ப்பு நழுவலாம். குறைந்தது 6 வாரம் முன்பே சாரிடமோ மேடத்திடமோ நேரில் கேட்டுவிடுவது நல்லது.

கல்லூரி பெயரில் உள்ள மெயில் ஐடியையே பல பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. ஆசிரியரிடம் ஜிமெயில் மட்டும்தான் என்றால், பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதி விளக்கிவிடலாம்.

அமெரிக்காவில் 'எல்சாக்' என்ற அமைப்பு இடையில் நிற்கிறது. கடிதம் ஒருமுறை அங்கே போனால் போதும். எந்தெந்தக் கல்லூரிக்கு எந்தக் கடிதம் என்று மாணவரே தன் கணக்கில் குறிக்க வேண்டும். குறிக்க மறந்தால் கடிதம் எல்சாக்கிலேயே தூங்கும். கையெழுத்து இல்லாத கடிதமும் ஏற்கப்படாது.

கடிதத்தில் என்ன இருக்கணும்?

கல்லூரி லெட்டர்ஹெட், தேதி, பதவி, கையெழுத்து. 1 அல்லது 2 பக்கம், பி.டி.எஃப். எத்தனை வருஷமாகத் தெரியும், எந்தப் பாடம் நடத்தினார், வகுப்பில் மாணவர் எந்த இடத்தில் இருந்தார் என்பது முக்கியம். 'நல்ல ஒழுக்கம் உள்ளவர்' என்ற வரி நன்னடத்தைச் சான்றிதழுக்குச் சரி, இதற்குப் போதாது. மூட் கோர்ட்டில் எந்த வழக்கை எப்படி வாதாடினார் என்று இரண்டு வரி இருந்தால் அதற்குத் தனி எடை. நீதிபதி, அமைச்சர் என்று பெரிய பெயரைத் தேட வேண்டாம். மாணவரின் விடைத்தாளைத் திருத்தியவர் எழுதுவதுதான் பேசும்.

நம்மூருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கடிதத்தில் ஒரே எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும்.

'லெட்டரை நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பேராசிரியர் பெயரில் போலி மெயில் ஐடி திறந்து அனுப்புவது மோசடி. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் அட்மிஷன் ரத்தாகும். பின்னாளில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகிறவருக்கு அந்தக் கறை சாதாரணமானது இல்லை.