நினைவும் நோக்கமும்: கொசஸ்தலையாற்றங்கரையிலிருந்து சில கருத்துகள்

வற்றம் இறங்கிய வேளையில் எண்ணூர்க் கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களிடம் வலை இருக்காது. இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேற்றின் மேல் விரித்து, ஒன்றையொன்று நெருங்கும்படி மெல்ல நகர்த்துகிறார்கள். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். கலங்கல் நீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல் நுனியில் மீசை உரசிய நொடியில் கை மூடிக்கொள்கிறது. அரை நொடி பிந்தினாலும் இறால் பின்பக்கமாகத் துள்ளிப் போய்விடும்.

நிகழ்கணத்தில் ஊன்றிய மனநிலைக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம். ஆனால் அந்தக் கை இக்கணத்தில் மட்டுமா இருக்கிறது? இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே. வாழ்வின் நோக்கம் இக்கண விழிப்பிலிருந்து பிறக்கும் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்று உண்மையே என்பதும், ‘இக்கணம்’ என்பதை நாம் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதும் என் வாதம்.

இன்று மருத்துவமனைகளிலும் நிறுவனப் பயிலரங்குகளிலும் கற்பிக்கப்படும் விழிப்புநிலைப் பயிற்சி, 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய வகுப்புகளிலிருந்து பெருகியது. நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு அது ஆறுதல் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் தந்த விளக்கத்தில் இரண்டு கூறுகள் முதன்மையானவை: இக்கணத்தைக் கவனித்தல், மதிப்பிடாமல் கவனித்தல். பின்னாளில் கடைத்தெருவுக்கு வந்தபோது இவ்விரண்டும், சென்றதை விடு, நன்று தீது பாராதே என்று சுருங்கிவிட்டன. அப்படி வெறுமையாக்கிய கணத்திலிருந்து அமைதி கிடைக்கலாம். நோக்கம் எங்கிருந்து வரும்?

விழிப்புநிலை என்பதன் மூலச் சொல்லே வேறு திசை காட்டுகிறது. பாலியில் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் நேர்ப்பொருள் நினைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரீஸ் டேவிட்ஸ் பாலிச் சூத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது சதிக்கு ஈடாகத் தேர்ந்த சொல், காலப்போக்கில் நினைவு என்ற பாதியை உதிர்த்து, கவனம் என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. அங்குத்தர நிகாயத்தின் நகர சூத்திரம் எல்லைக் கோட்டையின் வாயிற்காவலனைச் சதிக்கு உவமையாக்குகிறது. அவன் அறிந்தவரை உள்ளே விடுகிறான், அறியாதவரைத் தடுக்கிறான். நெடுநாள் முன்பு செய்ததையும் சொன்னதையும் நினைவுகூர்வதே சதி என்று அதே இடத்தில் விளக்கமும் வருகிறது. நேற்றைய முகங்களை மறந்த காவலன், கண்கொட்டாமல் விழித்திருந்தாலும் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று அறியமாட்டான். மிலிந்த பன்ஹா என்னும் நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நன்மை பயப்பது எது, தீமை பயப்பது எது என்று பிரித்தறியச் செய்வதைச் சதியின் இயல்பாகவே கூறுகிறது. மதிப்பிடாத விழிப்பு அந்நூலுக்கு அந்நியமானது.

தமிழ் இந்த இரண்டு பாதிகளையும் பிரிக்கவே இல்லை. மயங்கி விழுந்தவரைப் பற்றி ‘நினைவு தப்பிவிட்டது’ என்கிறோம். கண் விழித்தால் ‘நினைவு வந்துவிட்டது’ என்கிறோம். பழையதை எண்ணுவதும் அதே நினைவுதான். இப்போது உணர்வோடு இருப்பதற்கும் முன்பு நடந்ததை மனத்தில் வைத்திருப்பதற்கும் நம் மொழி ஒரே சொல்லைப் போதுமென்று வைத்துக்கொண்டது. ‘நோக்கம்’ என்ற சொல்லும் இப்படித்தான். நோக்கு என்றால் பார். குறிக்கோள் தொலைவில் நட்ட குறியைக் கொள்வது. நோக்கமோ பார்வைக்குள்ளேயே பிறப்பது. எதை, எப்படி, எவ்வளவு காலமாகப் பார்த்து வந்தோம் என்பதிலிருந்து அது திரள்கிறது. சொற்பிறப்பை வைத்து மட்டும் எதையும் நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். ஆகவே கரைக்குத் திரும்புவோம்.

வள்ளூர் அணைக்கட்டைத் தாண்டிய கொசஸ்தலையாறு உப்புநீரோடு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. துவாரம் என்பதன் மூலப்பொருள் வாயில். நகர சூத்திரத்தின் காவலனுக்கு ஏற்ற இடம். இங்கே தொழில் செய்பவரின் உள்ளங்கைக்குச் சேற்றின் வகைகள் தெரியும்: வழுவழுப்பான களி, மணல் கலந்த சேறு, மட்டி ஓடு குத்தும் திட்டு. ஒவ்வொன்றிலும் எந்தப் பருவத்தில் எது கிடைக்கும் என்பது தாயும் பாட்டியும் கைபிடித்துக் காட்டிய பாடம். விரல் தொடுவது இக்கணத்தை. தொட்டது இன்னது என்று சொல்வது தலைமுறைகளின் நினைவு. அதனால்தான் அனல்மின் நிலையச் சாம்பல் படிவு சேற்றின்மேல் மாவுபோல் படர்ந்தபோது அது கைக்கு முதலில் தெரிந்தது. பழைய சேற்றை அறியாத ஒருவர் அதே இடத்தில் கைவைத்திருந்தால், மென்மையான அடிநிலம் என்று மதிப்பிடாமல் கவனித்துவிட்டுப் போயிருப்பார்.

ஆற்றங்கரையில் இன்னொரு இக்கணமும் இயங்குகிறது. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. மொத்தம் 1,500 மெகாவாட். மின்சாரம் மிகவும் விசித்திரமான சரக்கு. தொகுப்பில் பாயும் மின்சாரத்தைக் கிடங்கில் அடுக்கிவைக்க முடியாது. வேண்டிய நொடியிலேயே விளைவிக்க வேண்டும். வினாடிக்கு 50 சுற்று என்ற அலைவெண் சற்றே சரிந்தாலும் நாடு முழுவதும் உள்ள தொகுப்பு அதை அப்போதே உணரும். கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிப்டில் அமர்ந்து நீராவி அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவரின் விழிப்பு எந்தத் தியானியின் விழிப்புக்கும் குறைந்ததல்ல. கண் அயர்ந்தால் விளைவு பெரிது.

அந்த அறையும் நினைவில்லாமல் நடப்பதில்லை. முந்தைய ஷிப்டின் பதிவேட்டைப் படித்து, எந்தப் பம்ப் பழுதில் இருக்கிறது, எந்த எச்சரிக்கை மணி ஏன் அடித்தது என்று கேட்டறிந்து பொறுப்பேற்பதே அனல்மின் நிலையங்களின் நடைமுறை. இக்கணக் கவனத்துக்கு நேற்றின் எழுத்து தேவை என்பதைத் தொழில்நுட்பம் தெளிவாகவே அறிந்து வைத்திருக்கிறது. ஆனால் அது இயந்திரத்தைப் பற்றிய நினைவு. குழாய்வழி வெளியேறும் சாம்பல் குழம்பு, அதை ஏற்கும் குளம், குளத்துக்கு அப்பால் உள்ள ஆறு ஆகியவற்றின் நினைவு வேறு கைகளில் இருக்கிறது. இரண்டு நினைவுகளும் சந்திக்காததே இப்பகுதியின் துயரம் என்று நான் கருதுகிறேன்.

நினைவைச் சுமப்பவர் பழையதில் உழன்று நோவார், அதிலிருந்து விடுபடத்தானே விழிப்பு என்று ஒரு மறுப்பு எழும். வலுவான மறுப்பு இது. திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தாரின் துறவும் அதைத்தான் சொல்வதாகத் தோன்றும். ஆனால் அதே ஊர் இன்னொருவரையும் தந்திருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடும் கலிய நாயனார், செக்குத் தொழிலில் பிறந்து, திருவொற்றியூர்க் கோயிலில் விளக்கெரித்தவர். செல்வம் போனபின் பிறரிடம் எண்ணெய் வாங்கிக் கூலிக்கு விற்றார். அதுவும் போக, கூலிக்குச் செக்காடினார். கதையின் இறுதியில் அவர் தம் கழுத்தை அரியத் துணிந்ததையே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு நடுப்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. தமக்கிருந்த செக்கை எண்ணி அவர் ஏங்கி உட்காரவில்லை. அன்றைய மாலைக்கு அன்றைய எண்ணெய் என்று மாட்டின் பின்னே சுற்றினார். நேற்று ஊற்றிய எண்ணெயில் இன்று விளக்கு எரியாது. இன்றும் ஏற்ற வேண்டும் என்பதோ நேற்றைய உறுதி. ஏக்கத்தையும் நினைவையும் பிரிக்கும் கோடு இங்கேதான் ஓடுகிறது: ஏக்கம் கையைக் கட்டிப்போடுகிறது, நினைவு கைக்கு வேலை கொடுக்கிறது.

இந்த வேறுபாடு எண்ணூரில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1996ஆம் ஆண்டின் கடற்கரை மண்டலத் திட்ட வரைபடத்தில் இருந்த கழி, பின்னர் வெளிவந்த ஒரு வரைபடத்தில் இல்லை என்பது 2017ல் பெரும் சர்ச்சையாயிற்று. காகிதம் மறந்ததை ஊர் மறக்கவில்லை. ‘இங்கே தண்ணீர் இருக்கிறது’ என்று சொல்வதற்கே மனுவும் போராட்டமும் தேவைப்பட்டன. வலை வீசுவதைத் தவிர வேறெந்த நோக்கத்தையும் தேடிப் போகாத மக்கள், பார்த்து வந்ததைப் பார்த்ததாகச் சொல்லும் கடமைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நோக்கத்தை அவர்களுக்கு எந்தப் பயிலரங்கும் வகுத்துக் கொடுக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிக்குள் வந்தது. படகுகளும் வலைகளும் கண்டல் வேர்களும் கறுத்தன. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். பிசுபிசுப்பான கறுப்பு ஏறிய உள்ளங்கையில் எதுவும் உரசித் தெரியாது. தடவிப் பிடிப்பவருக்கு அது ஒரு புலனை இழந்ததற்குச் சமம். இன்ன இடத்தில் இன்ன அளவுக்கு எண்ணெய் தேங்கும் என்று நீரோட்டம் அறிந்த அவர்களே சொல்ல வேண்டியிருந்தது.

மின் நிலையத்தில் ஷிப்ட் மாறும் நேரம் என்றும் ஒன்றுதான். வற்றம் அப்படியல்ல, நேற்றைவிட இன்று ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். நேற்று எப்போது இறங்கியது என்பதை மனத்தில் வைத்து, பிறையின் நாளை எண்ணி, நீர் இடுப்புக்கு வரும் இடத்தில் காத்திருந்து, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு குனிகிறார்கள்.