எரிக் லிடல்: பதக்கத்திற்கு அப்பால் ஓடிய ஓட்டம்

விளையாட்டு வீரர் ஒருவரின் தாழ்மைக்கும் தெய்வ சார்புக்கும் எடுத்துக்காட்டாக நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கூறப்படும் பெயர் எரிக் லிடல். ஞாயிற்றுக்கிழமையில் ஓட மறுத்தார். ஆகையால் தேவன் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தார் என்று இரண்டே வாக்கியங்களில் அவர் வரலாற்றை நாம் முடித்துவிடுகிறோம். 1 சாமுவேல் 2:30 அதற்கு ஆதார வசனமாகிறது. ஆனால் இவ்விதம் கூறுகையில், தேவனைச் சார்ந்திருத்தல் என்பது ஒரு கொடுக்கல் வாங்கலாகிவிடுகிறதன்றோ? எனவே அவ்வரலாற்றை அதன் முடிவுமட்டும் நோக்குவது அவசியமாகும்.

லிடல் 1902ஆம் ஆண்டில் சீனாவின் தியன்சின் நகரில், ஸ்காட்லாந்து நாட்டு மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தார். அவர் தந்தையைச் சீனாவுக்கு அனுப்பியது, நாகர்கோவிலிலும் சேலத்திலும் பணியாற்றிய அதே இலண்டன் மிஷனெரி சங்கமே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற நாட்களில் லிடல் ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் சார்பில் ஏழு முறை ஆடினார். ஓட்டத்தில் பெரும்புகழ் அடைந்தார். 1923 ஏப்ரலில் ஆர்மடேல் என்னும் ஊரில் முதன்முறையாகப் பொதுக்கூட்டத்தில் சாட்சி பகர்ந்தார்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று அமைந்தது. கப்பலேறும் வேளையில்தான் அவர் இதனை அறிந்ததாக 1981இல் வெளிவந்த திரைப்படம் காட்டுகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்னரே அவர் அறிந்திருந்தார். தமக்கு மிகவும் கைவந்த அந்த ஓட்டத்தினின்று விலகி, 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி பெற்றார். ஜூலை 6ஆம் நாள் ஞாயிறன்று பாரிஸிலிருந்த ஸ்காட்லாந்து திருச்சபையின் ஆலயத்தில் பிரசங்கித்தார். பின்னர் 200 மீட்டரில் வெண்கலப் பதக்கமும், ஜூலை 11ஆம் நாள் 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடிப் பொற்பதக்கமும் பெற்றார். அவர் தீர்மானம் செய்த நாளில் பதக்கம் எதுவும் உறுதியாக்கப்பட்டிருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தோற்றிருப்பினும் அக்கீழ்ப்படிதல் கீழ்ப்படிதலே.

புகழின் உச்சியில், 1925ஆம் ஆண்டில், அவர் சீனாவுக்குப் புறப்பட்டார். தியன்சின் கல்லூரியில் ஆசிரியப் பணி. 1932இல் போதக அபிஷேகம். பின்னர் போரால் அல்லலுற்ற சியாவ்சாங் நாட்டுப்புறத்தில் ஊழியம். 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்மாரையும் கனடாவுக்கு அனுப்பி வைத்தார். அங்குப் பிறந்த மூன்றாம் மகளை அவர் கண்ணால் காணவேயில்லை. 1943ஆம் ஆண்டில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர்.

முகாமில் அவர் சிறுவருக்கு அறிவியல் கற்பித்தார், விளையாட்டுகளை ஒழுங்குசெய்தார், மலைப் பிரசங்கத்தைப் போதித்து, சத்துருக்களுக்காக ஜெபிக்கும்படி இளைஞரைத் தூண்டினார். அங்கு நிகழ்ந்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. ஞாயிறன்று விளையாட்டு கூடாதென்பது அங்கும் அவர் கொள்கையாயிருந்தது. ஆனால் பெற்றோரைப் பிரிந்து, சுவர்களுக்குள் அடைபட்டிருந்த இளையோர் ஞாயிறன்று தாமாகவே ஹாக்கி ஆடினர். நடுவரின்றி ஆட்டம் சண்டையில் முடிந்தது. மறு ஞாயிற்றில் லிடலே நடுவராக நின்றார்!

கொள்கை தளர்ந்தது என்று இதனைக் கருதலாமா? தமக்காக ஓடவேண்டியிருந்தபோது அவர் ஞாயிறன்று ஓடவில்லை. பிறருக்காக நிற்கவேண்டியிருந்தபோது நின்றார். தாம் பெற்ற பெயர்களுள் மிகவும் அருமையான பெயராகிய 'ஞாயிறன்று ஓடாதவர்' என்பதையும் அவர் பற்றிக்கொண்டிருக்கவில்லை. புகழைத் துறப்பதைவிடத் தன் உறுதியால் வந்த புகழைத் துறப்பது கடினம். பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் கூறும் தாழ்மை இவ்வகைத்தென்பது நம் துணிபு.

1945 பெப்ரவரி 21ஆம் நாள் மூளைக் கட்டியினால் அவர் முகாமிலேயே மரித்தார். அவருக்கு வயது 43. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முகாம் விடுவிக்கப்பட்டது.

பதக்கமே தேவனுடைய அங்கீகாரத்தின் முத்திரை என்போமானால், இம்மரணத்தை என்னென்போம்? பாரிஸை மட்டும் பிரசங்கித்தால், தேர்வில் தவறிய மாணவனும், வேலை கிட்டாத வாலிபனும், பிணி நீங்காத விசுவாசியும் தங்களைத் தேவன் கனம்பண்ணவில்லை என்றே எண்ணிச் செல்வர். வெய்சியனையும் சேர்த்துப் பிரசங்கித்தால், பயன் கருதாமல் தேவன்மேல் சார்ந்திருக்க அவர்கள் கற்றுக்கொள்வர். சபையாருக்கு முழு வரலாற்றையும் கூறும் பொறுப்பு, போதகராகிய நமக்கும் போதகராக ஆயத்தப்படும் மாணவருக்கும் உரியதாகும்.