லூயி ஒகுஸ்த் பிளாங்கி (1805–1881)

லூயி ஒகுஸ்த் பிளாங்கி 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் புரட்சியாளர், இதழாளர், சோசலிசச் சிந்தனையாளர். 1805 பிப்ரவரி 8 அன்று தென்கிழக்கு பிரான்சிலுள்ள புயூஜே-தெனியே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுப் புரட்சிக் கால தேசியப் பேரவையின் உறுப்பினர். அண்ணன் அடோல்ஃப் பெயர்பெற்ற பொருளியலாளர். பிளாங்கி தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சிறையிலேயே கழித்தார். ஓயாமல் சதி செய்து ஓயாமல் தோற்றவர் என்றே வரலாற்று நூல்கள் பலவும் அவரைக் குறிப்பிடுகின்றன. அந்தச் சித்திரம் அரைகுறையானது. அவருடைய இரகசிய அமைப்புகளுக்கு அடியில் தெளிவான ஓர் அரசியல் கணிப்பு இருந்தது: பள்ளியும் பத்திரிகையும் மேடையும் செல்வர்கள் கையிலும் திருச்சபையின் பிடியிலும் இருக்கும்வரை, வாக்குரிமை மட்டும் ஏழைகளுக்கு விடுதலை தந்துவிடாது.

1848ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இந்தக் கணிப்புக்கு வலுவான சான்று. பிப்ரவரிப் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியதும், வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. உடனே தேர்தல் வைத்தால் குடியரசுக் கருத்தை ஒருபோதும் கேட்டறியாத நாட்டுப்புற மக்கள், நிலக்கிழார்களும் பாதிரியார்களும் காட்டும் ஆட்களையே தேர்ந்தெடுப்பார்கள் என்று பிளாங்கி எச்சரித்தார். தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரினார். அரசு இரண்டு வாரம் மட்டும் தள்ளிவைத்து ஏப்ரல் 23இல் தேர்தலை நடத்தியது. மிதவாதிகளும் மன்னராட்சி ஆதரவாளர்களும் பெரும்பான்மை பெற்றனர். ஜூனில் பாரிஸ் தொழிலாளர் எழுச்சி இரத்தத்தில் நசுக்கப்பட்டது. டிசம்பரில் அதே வாக்குரிமை லூயி நெப்போலியனைக் குடியரசுத் தலைவராக்கியது. 1851இல் அவர் அந்தக் குடியரசையே கவிழ்த்தார்.

ஆனால், பிளாங்கி விரும்பியதுபோல், மக்களுக்கு இன்னும் அறிவு போதாது என்று சொல்லி அவர்கள் பெயரில் ஒரு சிறுகுழு ஆள முயல்வது புதிய எசமானர்களை உருவாக்காதா என்ற கேள்வி எழுகிறது. இது புறந்தள்ளக்கூடிய மறுப்பு அல்ல. 1839 மே 12 அன்று ‘பருவங்களின் சங்கம்’ என்ற இரகசிய அமைப்பின் சில நூறு பேர், பிளாங்கி, அர்மான் பர்பேஸ் ஆகியோர் தலைமையில் பாரிஸில் ஆயுதமேந்தினர். நகர மக்கள் அவர்களோடு சேரவில்லை. கிளர்ச்சி விரைவில் அடங்கியது. 1870 ஆகஸ்டில் பாரிஸின் லா வில்லெத் பகுதியில் பிளாங்கி நடத்திய எழுச்சி முயற்சியிலும் இதுவே நடந்தது. மக்களின் அறியாமையைத் துல்லியமாக அளந்தவர், அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் எழுச்சி நிலைக்காது என்பதை அளக்கத் தவறினார். 1874இல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் முன்வைத்த விமர்சனத்தின் சாரமும் இதுவே. எனினும் பிளாங்கி நிரந்தரச் சர்வாதிகாரத்தைக் கோரவில்லை. இலவசப் பொதுக்கல்வி வேரூன்றும்வரை ஓர் இடைக்கால ஆட்சி என்றே வாதிட்டார். ஆனால் அந்த இடைக்காலம் முடிந்ததை யார் அறிவிப்பது என்பதற்கு அவரிடம் உறுதியான விடை இல்லை.

அவருடைய எழுத்துகளில் பெரும்பகுதி கட்டுரைகளும் குறிப்புகளுமே. தெருப்போரின் நடைமுறையை விளக்கும் கையேடு ஒன்றை 1860களின் இறுதியில் எழுதினார். 1870இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது ‘ஆபத்தில் தாயகம்’ என்ற நாளிதழை நடத்தினார். 1872இல் வெளிவந்த ‘விண்மீன்கள் வழியே நித்தியம்’ சிறையில் எழுதப்பட்ட வானியல் சிந்தனை நூல். பின்னாளில் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பென்யமின் அதை ஊன்றிப் படித்தார். பொருளியல் கட்டுரைகள் ‘சமூக விமர்சனம்’ என்ற தலைப்பில் 1885இல் தொகுக்கப்பட்டன.

1871 மார்ச்சில் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி நகர அரசு எழுந்ததற்கு முந்தைய நாள் பிளாங்கி கைதானார். கம்யூன் தன்னிடம் பிணையாக இருந்த பேராயர் டார்புவாவை விடுவித்து பிளாங்கியை மீட்க முன்வந்தபோது, பிரெஞ்சு அரசின் தலைவர் தியேர் மறுத்தார். 1879இல் சிறையில் இருந்தபடியே நாடாளுமன்றத் தேர்தலில் போர்தோ தொகுதியில் பிளாங்கி வென்றார். அந்தத் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டாலும், விரைவில் விடுதலையானார். 1881 ஜனவரி 1 அன்று பாரிஸில் காலமானார். அவரைப் பின்பற்றியவர்களில் சிலர் தேசியவாதத் தலைவர் ஜெனரல் புலான்ஜேயின் பக்கம் சாய்ந்தனர். எதுவார் வையான் தலைமையில் எஞ்சியோர் வழிவந்த அணி 1905இல் ஒன்றுபட்ட சோசலிசக் கட்சியில் இணைந்தது. லெனினின் கட்சி அமைப்பைக் கண்டித்த ரோசா லக்சம்பர்க் 1904இல், சிறுகுழுச் சதியை நம்பும் ‘பிளாங்கியவாதம்’ என்ற குற்றச்சாட்டையே பயன்படுத்தினார். பிளாங்கி காட்டிய வழி தோற்றது. ஆனால், கல்வியும் தகவலும் ஒருசிலர் பிடியில் இருக்கும்போது தேர்தல் எந்த அளவுக்குச் சுதந்திரமானது என்று அவர் எழுப்பிய கேள்வி செல்லுபடியாகாமல் போய்விடவில்லை.