அயலார் சிறுநீரகம்

சாத்தாங்காட்டிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது எர்ணாவூர். 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல அங்கே குடியமர்த்தப்பட்டன. காசிமேட்டுத் துறைமுகம் அவர்களுக்குத் தொலைவாயிற்று, பிழைப்பும் குன்றிற்று. 2007 சனவரியில் அங்குள்ள பெண்கள் பலர், தாம் சிறுநீரகத்தை விற்றுவிட்டதாக வெளிப்படையாகக் கூறினர். இந்த வாணிபம் எவ்வாறு இயலுவதாயிற்று என்பதை நாம் அறிதல் வேண்டும்.

பிறர் உறுப்பை உடல் பகையென உணர்ந்து, வெள்ளணுக்களை ஏவி அழிக்கும். 1954-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே கண்ட வெற்றி ஒத்த இரட்டையரிடையே நிகழ்ந்ததற்குக் காரணம் இதுவே. அதற்கு முந்திய ஆண்டில் பீட்டர் மெடவாரும் தோழர்களும் ஓர் அரிய உண்மையைக் கண்டிருந்தனர். கருவிலிருந்த சுண்டெலிக்கு வேற்றினச் சுண்டெலியின் உயிரணுக்களைச் செலுத்தினர்; அது வளர்ந்தபின் அவ்வினத்தின் தோலை மறுக்காது ஏற்றது. அயலாரை வெறுத்தல் பிறவிக்குணமன்று, உடல் கற்றுக்கொள்வது என்பது புலனாயிற்று! ஆயினும் மருத்துவமனைகளில் அவ்வழி எளிதில் கைகூடவில்லை.

1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றிபெற்ற காலத்தில் இரத்த உறவையே மருத்துவர்கள் பெரிதும் நம்பினர். பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் 1980-களில் பரவியதும் அந்நிலை மாறிற்று. அயலாரின் உறுப்பும் உடலில் நிலைத்தது. கூடவே அயலாரிடம் விலைபேசவும் வழி பிறந்தது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரார் இழித்துரைத்ததும் இதனாலன்றோ? 1994-ஆம் ஆண்டின் சட்டம் விற்பனையைத் தடைசெய்தது. எனினும், அன்பினால் அளிக்கும் கொடைக்கு அது திறந்துவைத்த வாயிலிலேயே தரகர்கள் நுழைந்தனர்.

உறுப்பைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும்; நிறுத்தினால் உடல் மீண்டும் போர் தொடுக்கும். எர்ணாவூரில் விற்றவர் பலருக்கோ, பேசிய தொகைகூட முழுமையாகக் கிட்டவில்லை.