காப்பக நாய்க்கு ஒரு நாள் விடுமுறை

வீட்டில் நாய் வளர்க்க வசதி இல்லாதவர்களும் காப்பகத்தில் இருக்கும் ஒரு நாய்க்குக் கைகொடுக்கலாம். காலையில் அதை வெளியே அழைத்துச் சென்று, மாலையில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் போதும்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். அங்கிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களுக்கு இன்று அந்த வாய்ப்பு இல்லை. நாய் உரிமம் வழங்கும் ஊராட்சி மன்றங்கள் பொதுவாகத் தரை வீடுகளுக்கே அனுமதி தருகின்றன. அத்தகையோருக்கு ஏற்ற உதவி இது.

அமெரிக்காவில் 51 காப்பகங்களில் நடத்தப்பட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. சிறிது நேரம் வெளியே சென்று வந்த நாய்கள் தத்தெடுக்கப்படும் வாய்ப்பு 5 மடங்கும், சில நாள் ஒரு வீட்டில் தங்கி வந்த நாய்களுக்கு 14 மடங்கும் கூடியது. அவற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவற்றைத் தத்தெடுத்தவர்கள், அழைத்துச் சென்ற தன்னார்வலருக்கு முன்பின் தெரியாதவர்கள். நாய் நாலு பேர் கண்ணில் பட்டதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அம்பாங்கிலுள்ள சிலாங்கூர் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம், சுபாங்கிலுள்ள பாவ்ஸ் ஆகியவை நாய்களைப் பராமரித்து, தத்தும் கொடுக்கின்றன. நாயை வெளியே அழைத்துச் செல்லும் விதிமுறை காப்பகத்துக்குக் காப்பகம் மாறும் என்பதால் முதலில் கேட்டறிய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

- நண்பகல் வெயிலில் நடக்க விடக்கூடாது. புறங்கையைத் தார்ச்சாலையில் சில வினாடி வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு நாயின் பாதத்துக்கும் ஆகாது.
- கூட்டமும் இரைச்சலும் நாயை மிரள வைக்கும். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவை விட அமைதியான தாமான் சாலையே மேல். நடந்த பின் படுத்துறங்க நேரம் கொடுங்கள்.
- பூங்காவில் நாய்க்கு அனுமதி உண்டா என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.
- வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு, சாக்லேட், சமைத்த கோழி எலும்பு ஆகியவற்றைக் கொடுக்கக்கூடாது.
- முஸ்லிம் அண்டை வீட்டாரோ நாய்க்கு அஞ்சுவோரோ எதிரே வந்தால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து விலகி நடப்பது மரியாதை.

மாலையில் நாயைத் திரும்ப ஒப்படைக்கும்போது நல்ல படம் ஒன்றையும் சில குறிப்புகளையும் காப்பகத்திடம் கொடுங்கள். காரில் அமைதியாக வந்ததா, பிள்ளைகளிடம் எப்படிப் பழகியது, எதற்கு மிரண்டது என்பவை கூண்டுக்கு வெளியேதான் தெரியவரும். தத்தெடுக்க வருபவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.